இடப்பக்கச் சாணை

மூத்தவள் விழுந்த சத்தம் கேட்டபோது இளையவள் குழாயடியில் குந்தி கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். பூசணிக்காய் உருண்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று உருண்டுகொண்டேதான் இருக்கும். பிறகு, "ஐயோ, என் கை!" என்று கேட்டது. பூசணிக்காய் அப்படிக் கத்தாது.

ஓடிப்போய்ப் பார்த்தால் பின்வாசலில் மூத்தவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தர்பூசணித் தோல், தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல மல்லாந்து கிடந்தது.

"தோலை அள்ளு அள்ளுன்னு காலைலேருந்து கத்தினேனா இல்லையா?"

"அள்ளிட்டேன்க்கா. இது நீங்க இப்போ போட்டது."

"விழுந்து கெடக்கறவகிட்ட வழக்காடாதே. தூக்குடி."

தூக்கினாள். வலது மணிக்கட்டு அதற்குள் வீங்கிப் பளபளத்தது. மூத்தவள் அதைத் தன்னுடைய கை இல்லாதது போல ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

விருந்துகளுக்குக் காயிலும் பழத்திலும் பூச்செதுக்கிக் கொடுப்பது அந்த வீட்டின் பிழைப்பு. அண்ணன், தம்பி, அவர்களின் மனைவிமார் என்று நான்கே பேர். செதுக்குவது மூத்தவள். கத்திகளைத் தேர்ந்தெடுத்துத் தீட்டிக் கொடுப்பது அவள் கணவர். தம்பி சந்தைக்குப் போவான், வேன் ஓட்டுவான். கழுவுவது, தோல் சீவுவது, விதை எடுப்பது, செதுக்கும்போது கீழே விழுவதை அள்ளுவது எல்லாம் தம்பி மனைவியான இளையவளுக்கு. பூவில் மிஞ்சியதே வீட்டுச் சமையலுக்கும். "பூவைப் பாக்கறது ஊரு, காம்பைத் தின்னறது நாம" என்பான் தம்பி. ஓரகத்தி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு கத்தி இருக்கிறது என்றும் சொல்வான். அதை வேன் ஓட்டும்போது மட்டும் சொல்வான். வீட்டுக்குள் சொல்ல மாட்டான்.

இளையவளும் வந்த புதிதில் செதுக்கிப் பார்த்தவள்தான். இடது கைக்காரி. கத்தியைப் பிடித்தால் பென்சில் பிடித்தது போல அழகாகத்தான் பிடிப்பாள். ஆனால் இதழ் நிற்காது. ஓரம் நார் நாராகக் கிழியும், இல்லையென்றால் அடியோடு ஒடிந்து மடியில் விழும். "நொட்டாங்கைல பூ வராதுடி. கை கோணல்" என்று மூத்தவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இளையவள் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச அவளிடம் ஒரு பூகூட இல்லை. மற்றவர்கள் மதியம் கண் அயரும் நேரத்தில், எறிய வேண்டிய தோல்களை வைத்துக்கொண்டு தனியாகக் கீறிப் பார்ப்பாள். ஒடிந்ததையெல்லாம் அவளே கூட்டி அள்ளிவிடுவாள். கூட்டுகிறவளுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

மூத்தவள் விழுந்ததற்கு மறுநாள் சாயங்காலம் பெரிய மண்டபத்தில் விருந்து. அதில் நடுமேசை இவர்கள் பொறுப்பு. சந்தையிலேயே பெரிய தர்பூசணி ஒன்றை முழுசாக ஒரே பூவாக்கி, மாடியில் நிற்பவருக்கும் தெரியும்படி நடுவில் வைக்க வேண்டும். சுற்றிலும் சின்னப் பழங்கள், கேரட் மொட்டுகள். பழம் வந்து இறங்கிவிட்டது. செதுக்குகிற கைதான் இப்போது மாவுக்கட்டுக்குள் இருந்தது.

மதியத்துக்கு முன்பே மண்டபத்து மேனேஜர் வந்துவிட்டார். எந்தப் பேச்சையும் "அவசரம்" என்றே தொடங்குவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காருவார்.

"அவசரம்மா, அவசரம். கை எப்படியிருக்குன்னு கேக்க வந்தேன். சரி, கையை விடுங்க, நடுமேசை என்ன ஆச்சு?"

"கையத்தான் விட்டாச்சே" என்று மூத்தவள் கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப கீழ்த்தெருக்காரரைக் கூப்பிட்டுடட்டுமா? அவரு ரெடியா இருக்காராம்."

கீழ்த்தெருக்காரரும் செதுக்குகிறவர்தான். நல்ல கை. மூத்தவள் அவர் பெயரைச் சொன்னால் அந்த நாள் முழுக்கத் தலைவலி என்று சொல்லிக்கொள்வாள்.

தம்பிதான் மெதுவாகச் சொன்னான். "அண்ணி, ஒருதடவ அவரு உள்ள நுழைஞ்சா அப்புறம் நம்ம சாமான் அந்தப் படி ஏறாது."

"தெரியுதுப்பா. தெரிஞ்சு என்ன பண்ண? கால்ல செதுக்கவா?"

"நான் செய்யறேன்" என்றாள் இளையவள்.

அது யாருக்கும் கேட்கவில்லை. கதவோரமாக நின்று, கதவிடம் சொல்வது போலச் சொல்லியிருந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கொஞ்சம் அதிகச் சத்தமாகவே வந்துவிட்டது.

"நான் செய்யறேன்."

அவசரம் நாற்காலி நுனியிலிருந்து திரும்பிப் பார்த்தார். மூத்தவள் சிரித்தாள். கை வலியில் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"நீயா? உன் கையில பூ வருமாடி? பொரியலுக்கு வேணா காய் வரும்."

"ஒரு பழம் செஞ்சு காட்டறேன்க்கா. சரியில்லன்னா அவரக் கூப்பிட்டுக்கட்டும்."

அவசரம் எழுந்துவிட்டார். "சாயங்காலம் இந்த வழியாத்தான் போவேன். பாக்கறேன். நல்லா இருந்தா உங்களுக்கு. இல்லன்னா அப்படியே கீழ்த்தெரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா, மேசைல பூ இருக்கணும்."

*

வேலை செய்யும் அறைக்கு வடக்கே ஒரு ஜன்னல். வெயில் நேராக விழாது, ஆனால் வெளிச்சம் இருக்கும். தகரம் அடித்த மேசை. அதன் ஒரு மூலையில் தீட்டுக்கல், தண்ணீர்க் கிண்ணம். சுவரில் ஒரு பழைய தோல் பெல்ட் ஆணியடித்துத் தொங்கியது. கத்திகள் துணியில் சுருட்டி மரப்பெட்டிக்குள் இருந்தன. பெட்டி மூத்தவளின் கணவருடையது; வீட்டில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் அதிகம் பேசாதவர். "வாய வாடகைக்கு விட்டிருக்காரு" என்பாள் மூத்தவள். கல்லை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பார். அதுவும் வாயால் சொன்னதில்லை. யாராவது கிட்டே போனால் எழுந்து நிற்பார்.

மூத்தவள் நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள்.

"என் கத்தியவே எடுத்துக்கோ. அப்புறம் கத்தி சரியில்லன்னு சொல்லக்கூடாது."

சின்னத் தர்பூசணி ஒன்றின் பச்சைத் தோலைச் சீவி, வெள்ளைச் சதையில் முதல் வளைவைக் கீறினாள் இளையவள். கத்தி மெல்லியது. அலகு விரல் நீளம்தான் இருக்கும். நன்றாகவே இறங்கியது. வளைவுக்கு அடியில் சாய்த்து இன்னொரு வெட்டு. நடுவில் உள்ள சதை கழன்று விழ வேண்டும், இதழ் தனியாக நிற்க வேண்டும். சதை விழுந்தது. கூடவே இதழும் விழுந்தது.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் மூத்தவள்.

இரண்டாவது நின்றது, ஆனால் ஓரம் எலி கடித்தது போல இருந்தது. மூன்றாவது நடுவில் விரிசல்.

"கைய ஒடிச்சுப் பிடிக்காதே. கத்தி போற பக்கம் போ."

"அது வேற பக்கம் போகுதுக்கா."

"கத்தி எங்கடி போகும்? அதுக்கு என்ன, மாமியார் வீடா இருக்கு?"

நான்காவது இதழும் ஒடிந்தது. இளையவளுக்குக் காது சூடாகிவிட்டது. தம்பி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனான். அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என்ன செய்வது என்று தெரியாதபோது கை பழகிய வேலைக்குப் போகும். அவள் மேசையில் விழுந்த துண்டுகளை அள்ளத் தொடங்கினாள்.

அள்ளிய கை அப்படியே நின்றது.

துண்டுகள் வழவழவென்று இருந்தன. கட்டைவிரலால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. இதழின் ஓரமோ கிழிசல். கழிவு கண்ணாடி, பூ நார்.

மூத்தவள் வெட்டிய கழிவை அவள் ஆயிரம் தடவை அள்ளியிருக்கிறாள். அது இப்படி இருக்காது. மாட்டு நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். விரலில் ஒட்டும்.

எழுந்து பின்வாசலுக்கு ஓடினாள். காலையில் மூத்தவள் விழுவதற்கு முன் வெட்டிய கழிவு வாளியில் கிடந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதத் தொட்டுப் பாருங்க."

"குப்பையவா?"

"இது நீங்க வெட்டுனது. இது நான் வெட்டுனது. ரெண்டையும் தேச்சுப் பாருங்களேன்."

மூத்தவள் இடது கையால் வேண்டாவெறுப்பாகத் தொட்டாள். "உன்னோடது வழவழன்னு இருக்கு. அதுக்கென்ன? என் குப்பையவிட உன் குப்பை ஒசத்தின்னு பட்டம் குடுக்கணுமா?"

"அந்த வழவழப்பு பூவுல இருக்கணும்க்கா. என் கையில அது குப்பைக்குப் போகுது."

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். துண்டுகளைத் தானும் தேய்த்துப் பார்த்தார். மூத்தவளின் கத்தியை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகின் நுனியைப் பார்த்தார். பிறகு கத்தியை வலது கையில் பிடித்தார். இடது கைக்கு மாற்றினார். மறுபடி வலது கை. மறுபடி இடது.

"அட" என்றார்.

"என்ன அட?"

"நான் ஒரு பக்கந்தான் தீட்டுவேன். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் பூவை ஒட்டிப் போகும், இடிக்காது. சரிவு கழிவைத் தள்ளி விடும். உன் கைக்கு அப்படி." இளையவளைக் காட்டினார். "அவ கைக்கு மாறிப் போகுது. சரிவு பூவைப் போட்டு இடிக்குது."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. மூத்தவள் முதலில் அதைத்தான் கவனித்தாள். விஷயம் அப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது.

"நல்லா இருக்கே கதை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கத்தியத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதானே?"

"திருப்பினா முதுகுதான்க்கா வெட்டும்."

பெரியவர் சிரித்துவிட்டார். மூத்தவள் அவரை ஒரு பார்வை பார்த்ததும் பெட்டியைத் திறக்கப் போய்விட்டார்.

*

பெட்டியின் அடியில் புதுக் கத்திகள் இருந்தன. கடையிலிருந்து வரும்போது அலகின் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தீட்டி, மழுங்கலாகத்தான் வரும். ஒரு பக்கத்துக்கு மாற்றுவது அவர் வேலை. நான்கைந்தைத் துணியில் பரப்பினார்.

"எடு" என்றார் இளையவளிடம்.

அவள் ஒவ்வொன்றாக நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்று வளையவே இல்லை. முதுகு தடிமன். இதழுக்கு அடியில் திரும்பும்போது சதையைப் பிளந்துவிடும். இன்னொன்று வளைந்தது, வளைந்தபடியே கொஞ்சம் நின்றது. இரும்பு சோம்பேறி. மூன்றாவது நன்றாக வளைந்து, விட்டதும் துள்ளித் திரும்பியது. அதை நகத்தால் சுண்டினால் மெல்லிய சத்தம் வந்து, கொஞ்ச நேரம் காதில் நின்றது. அதேபோல் துள்ளிய இன்னொன்றும் இருந்தது. இரண்டையும் தனியாக எடுத்து வைத்தாள்.

பெரியவர் அவள் எடுத்ததைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. வளையாத கத்திகளைத் திரும்பச் சுருட்டி உள்ளே வைத்தார். அதுதான் பதில்.

கல்லை நனைத்தார். சொரப்பான முகம் மேலே. முதல் கத்தியைப் படுக்க வைத்து, முதுகை லேசாகத் தூக்கித் தேய்க்க ஆரம்பித்தார். சீரான சத்தம். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் குழம்பு கசிந்தது. தண்ணீர் தெளித்தார், தேய்த்தார், திருப்பிப் பார்த்தார், மழமழப்பான முகத்துக்கு மாற்றினார். துடைத்து அவளிடம் நீட்டினார். அவள் விரலால் தடவினாள்.

"மாமா."

"ம்?"

"இதுவும் அந்தப் பக்கந்தான்."

அவர் வாங்கிப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். எத்தனை வருஷமாக அந்தக் கை ஒரே பக்கம் போயிருக்கிறது! மனசு ஒன்று சொன்னால் கை தன் பாட்டுக்குப் பழைய வழியில் போய்விட்டு வந்திருக்கிறது. அலகு ஏற்கனவே மெலிசு. இன்னொரு தடவை மறுபக்கம் தேய்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

"புருஷனும் சரி, ஓரகத்தியும் சரி" என்றாள் மூத்தவள். "ரெண்டு பேரும் சேந்து பெட்டியக் காலி பண்ணுங்க. அவசரம் வந்தா குப்பையத் தேச்சுக் காட்டுவோம்."

துள்ளுகிற கத்தி இப்போது ஒன்றுதான் இருந்தது. பெரியவர் அதை எடுத்தார். தேய்க்கப் போனவர் நிறுத்தினார். கையைப் பார்த்துக்கொண்டார்.

"நான் தீட்டட்டா மாமா?"

அவர் எழுந்தார். எல்லோரும் அவர் எழுந்து நின்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள். இளையவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆனால் அவர் எழுந்தது இடம் விடுவதற்கு. முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தாள். கல் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. அவர் கை தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. கத்தியை வைத்தால் அந்தக் குழியில் சரிந்து ஆடியது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கல்லைத் தூக்கி முன்பின்னாகத் திருப்பி வைத்தாள். குழி அவள் பக்கத்துக்கு வந்தது. கத்தி அதில் ஒட்டி உட்கார்ந்தது.

"எனக்கு இது தோணியிருக்காது" என்றார் பெரியவர், பாராட்டாக.

கையின் எடையைக் கொடுக்காமல் தேய்த்தாள். அழுத்தினால் மெல்லிய அலகு நெளியும், நெளிந்தால் சரிவு ஒரே மாதிரி விழாது. விரல்நுனி அலகின் மேலேயே இருந்தது. முதுகு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைக் கண் பார்க்கவில்லை, விரல்தான் பார்த்தது. கொஞ்சம் தேய்த்து, தட்டையாக இருக்க வேண்டிய பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்தாள். மறுபடி தடவினாள். இப்போது ஒரு மெல்லிய பிசிறு, மயிரிழைபோல, விரலில் தட்டியது. நுனிவரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கல்லைப் புரட்டி மழமழப்பான முகத்தில் தொடர்ந்தாள். பிசிறு சின்னதாகிக்கொண்டே போயிற்று. கத்தியைத் திருப்பி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்து ஒரே ஒரு இழுப்பு. கடைசியாகத் தோல் பெல்ட்டில் முன்னும் பின்னும்.

பெரியவர் கத்தியை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மழுங்கிய கத்தி என்றால் நுனியில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூர்மைக்கு மின்ன இடம் இருக்காது. அவர் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். கோடு தெரியவில்லை. ஒரு தக்காளியை மேசையில் வைத்து, கையை அழுத்தாமல் கத்தியை அதன் மேல் படிய விட்டார். தோல் தானாகத் திறந்தது.

"வெட்டு" என்றார்.

புதுத் தர்பூசணி. முதல் வளைவு. அடியில் சாய்த்து இரண்டாவது வெட்டு. கழிவு கழன்று விழுந்தது. இதழ் நின்றது.

இரண்டாவது இதழும் நின்றது. மூன்றாவதை இன்னும் மெலிசாக வெட்டினாள். வெளிச்சம் அதன் வழியாக வந்தது. கத்தி எங்கும் இழுக்கவில்லை. அவள் நினைக்கிற இடத்துக்கு அவளுக்கு முன்னால் போய் நின்றது. ஒரு வரிசை சுற்றி முடித்து, அடுத்த வரிசையை இரண்டு இதழ்களுக்கு நடுவில் தொடங்கினாள். வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பாயிற்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பை அடக்குவதற்கு.

"தப்பித் தவறி ரெண்டு வரும்" என்றாள் மூத்தவள். "குடு இங்க."

"என்னக்கா?"

"ரெண்டு கத்தியும் குடு. பழத்த என் பக்கம் தள்ளு."

அவளுக்கு இருந்தது இடது கை மட்டும்தான். அதில் அவள் இதுவரை ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை. முதலில் தன்னுடைய சொந்தக் கத்தியை எடுத்தாள். தட்டுத்தடுமாறி ஒரு இதழ் கீறினாள். ஓரம் கிழிந்து தொங்கியது. பக்கத்திலேயே புதுக் கத்தியால் இன்னொன்று. கோணல்மாணலாக, குழந்தை வரைந்த இலை போல இருந்தது. ஆனால் கிழியவில்லை. ஓரம் வழவழவென்று நின்றது.

மறுபடி பழைய கத்தி. கிழிந்தது. மறுபடி புதுக் கத்தி. நின்றது.

கை ஒன்றுதான். கத்திதான் வேறு.

மூத்தவள் வெகுநேரம் அந்த நான்கு இதழ்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கிய நாளுக்கு அப்புறம் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான் என்று பெரியவர் பின்னால் தம்பியிடம் சொன்னார்.

"இத்தன நாளா வாய வெச்சுக்கிட்டு என்னடி பண்ணின?" என்றாள் கடைசியில். கோபமாகத்தான் சொன்னாள். கண் கோபமாக இல்லை. "கத்தி இழுக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கைதான் கோணல்னு நானும் நெனச்சிட்டேன்க்கா."

"நான் ஆயிரம் சொல்லுவேன். சொன்னா நம்பிடறதா? புத்திகெட்டவளே."

சாயங்காலம் அவசரம் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலிருந்தே பழத்தைப் பார்த்தார். உள்ளே வந்தார். முதல் தடவையாக நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

"இதுல பெரிசா ஒண்ணு" என்றார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

*

மறுநாள் விடிந்தபோதே புழுக்கம். காற்று அசையவில்லை. இப்படிப்பட்ட நாளில் வெட்டிய பழம் சீக்கிரம் வியர்த்துச் சோர்ந்துவிடும். தம்பி ஐஸ் கட்டி வாங்கிவந்து சாக்கில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்தான். பெரிய பழத்தை இருவர் தூக்கி, துணியைச் சும்மாடாகச் சுருட்டி அதன்மேல் உட்கார வைத்தார்கள். இளையவள் டீயை ஆறவிட்டு ஒரே மடக்கில் குடித்தாள்.

முதல் வளைவை மட்டும் மெதுவாகக் கீறினாள். அப்புறம் மெதுவாகக் கீற நேரமில்லை.

மூத்தவள் எதிரிலேயே உட்கார்ந்து வழி சொன்னாள். ஆனால் அவள் வழியெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிப் போயிற்று.

"வலப்பக்கம் சாய். வலப்பக்கம். ஐயோ இல்ல, உனக்கு இடப்பக்கம். அடியே, நான் சொல்றதுக்கு எதிரா பண்ணு!"

"அதத்தான்க்கா வந்த நாள்லேருந்து பண்றேன்."

தம்பி ஐஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். மூத்தவளும் சிரித்தாள். கட்டு ஆடியதும் "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று திட்டினாள்.

தோலருகே சதை கடினம். கத்தி சீக்கிரம் களைத்தது. ஒரு வரிசை முடிந்ததும் இளையவள் அதைப் பார்க்காமலேயே பக்கவாட்டில் நீட்டுவாள். பெரியவர் வாங்கி, கல்லில் ஒரு தொடுகை, பெல்ட்டில் ஒரு துடைப்பு, திரும்பக் கையில் வைப்பார். ஒவ்வொரு தடவையும் கல்லில் வைக்கும் முன், "இடம்... இடம்..." என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். முன்னே ஒரு கத்தியைக் கெடுத்தவர். இப்போது ஒன்றும் கெடவில்லை.

வெள்ளையில் ஆரம்பித்தது, இளஞ்சிவப்பில் இறங்கி, சிவப்பை நோக்கிப் போனது. வெளி இதழ்கள் கையளவு, உள்ளே போகப்போக விரலளவு, நகத்தளவு. நடுவில் மொட்டு. பத்து மணிக்கு மூத்தவள் வழி சொல்வதை நிறுத்திவிட்டாள். ஈரத்துணியால் இதழ்களை ஒற்றிக்கொண்டு, "ம்... ம்..." என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் கழித்து அதையும் நிறுத்தினாள். இளையவளின் நெற்றி வியர்வை பூவில் விழாமல் அவ்வப்போது தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஒற்றைக் கையால்.

வேனில் இளையவள் பின்னால் பழத்தோடு உட்கார்ந்தாள். தம்பி மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"அடிப்பா, நல்லா அடி" என்றான் தம்பி கண்ணாடியில் பார்த்து. "பின்னாடி என் பொண்டாட்டி பூத்துட்டு இருக்கா."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அவள். ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

*

மண்டபத்தில் நடுமேசையில் பூவை வைத்து ஈரத்துணியை எடுத்ததும், நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் போடுவதை நிறுத்தினார்கள். மாடிக் கைப்பிடியில் தலைகள் வந்தன. "மேலேருந்து தெரியுதா?" என்று அவசரம் கத்தினார். "தெரியுது, தெரியுது!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

கீழ்த்தெருக்காரர் வந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவசரம் அவரையும் வரச் சொல்லி வைத்திருந்தார். அவர் மேசையைச் சுற்றி வந்தார். குனிந்தார். ஒரு வெளியிதழின் ஓரத்தை நகத்தின் பின்பக்கத்தால், தொட்டும் தொடாமலும் நீவினார். அவர் யார் செதுக்கியது என்று கேட்கவில்லை.

"யாரு தீட்டினது?" என்றார்.

பெரியவர் இளையவளைக் காட்டினார். "அவளே."

கீழ்த்தெருக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியாக அவள் இடது கையைப் பார்த்தார். இதழ்கள் சாய்ந்திருக்கும் திசையைப் பார்த்தார். எல்லாப் பூவும் ஒரு பக்கம் சுழன்றால் இது மறுபக்கம் சுழன்றிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"அதானே பாத்தேன்" என்றார். "எனக்கு இங்க வேலையில்ல" என்று அவசரத்திடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் மூத்தவளிடம், "உங்க வீட்டுல இப்பவும் ஒரு கை இருக்கு" என்றார்.

"ரெண்டு" என்றாள் மூத்தவள். "இது ஆறட்டும்."

விருந்து தொடங்கியதும் ஒரு சங்கடம். யாரும் பூவைத் தொடவில்லை. வட்டமாக நின்று படம் எடுத்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பின்னால் வரிசை நின்றுபோயிற்று. அவசரம் கையைப் பிசைந்தார்.

"யாராவது ஆரம்பிங்கய்யா. சாப்பிடத்தான் வெச்சிருக்கு."

"எப்படிங்க மனசு வரும்?" என்றார் ஒருவர்.

இளையவள் சுவரோரமாக நின்றிருந்தாள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். கூட்டம் அவளையே பார்த்தது. அவள் தரையைப் பார்க்கவில்லை. கத்தியைச் சாய்த்து, உள்வரிசையில் நன்றாகச் சிவந்த இதழ் ஒன்றை அடியோடு எடுத்தாள். மூத்தவளிடம் கொண்டுபோய் நீட்டினாள். மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"இனிக்குது" என்றாள் மென்றுகொண்டே, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி. "நின்னு பாத்துட்டிருந்தா தீந்துடும். வாங்க!"

அப்புறம் நிற்கவில்லை. இதழ் இதழாகப் போயிற்று. வெளிவரிசை, உள்வரிசை, மொட்டு. அவசரம் ஓடிவந்தார்.

"அம்மா, அடுத்த மாசம் ஒரு விருந்து—"

"என்னக் கேக்காதீங்க" என்றாள் மூத்தவள். "செய்யறவளக் கேளுங்க."

அவர் திரும்பினார். இளையவள் ஒரு நொடி யோசித்தாள்.

"பழத்த நானே சந்தைல பாத்து எடுப்பேன். அப்படின்னா சரி."

"அவ்வளவுதானே! எடுத்துக்கோங்கம்மா!" அவர் போய்விட்டார்.

மேசையின் நடுவே பச்சைத் தோலும் அதில் தேங்கிய சிவப்புச் சாறும்தான் இருந்தன. ஒரு சிறுமி அதையும் ஸ்பூனால் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். இளையவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. விரல்கள் மட்டும் குறுகுறுத்தன.

"என்னங்க" என்றாள் கணவனிடம். "நாளைக்கு ரெண்டு பழம் வாங்கணும். பெருசா."

"நாளைக்கு விருந்தே இல்லயே?"

"விருந்து இல்லன்னா என்ன?" என்றாள். "எனக்கு வேணும்."